46 மீட்டர் உயரத்துக் கண்: ஒரு மாதிரி ரயில் நிலையத்தைப் பிரித்துக் கட்டிய நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு மாதிரி ரயில் நிலையத்தைப் பற்றியது. 3.6 மீட்டர் நீளமும் 75 செ.மீ. அகலமும் கொண்ட அடிப்பலகையின் மேல், பிரிட்டனின் கிளைப்பாதை நிலையம் ஒன்றை, நீராவி இன்ஜின்கள் அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த 1950-களின் இறுதியில் அது எப்படி இருந்திருக்குமோ அப்படி நான் கட்டினேன். ஒரு நடைமேடை, சரக்குப் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஒரு பக்கப் பாதை (சைடிங்), சிறிய சிக்னல் அறை, தண்ணீர்த் தொட்டி, ஓடையும் அதன்மேல் கல் பாலமும், பின்னால் மரங்கள் என்று அளவான அமைப்புதான். அளவு விகிதம் 1:76.2, மாதிரி ரயில்காரர்கள் ஓஓ என்று சொல்லும் அளவு.

இரண்டு ஆண்டுகள் உழைத்து முடித்த அந்த நிலையத்தில், எந்தப் பொருளையும் தனியே கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. சிக்னல் அறையின் சன்னல் சட்டங்களை வரைபடத்தில் அளந்து வெட்டியிருந்தேன். இன்ஜினின் பக்கவாட்டு எண்கள், பெட்டிகளின் கைப்பிடிகள், நடைமேடை விளக்குகள் எல்லாம் பழைய புகைப்படங்களோடு ஒத்துப்போயின. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து நின்று பார்க்கும்போது மட்டும் அது ஒரு இடமாகத் தெரியவில்லை. பலகையின் மேல் அக்கறையோடு அடுக்கி வைத்த பொருட்களாகவே தெரிந்தது. குறை நுணுக்கத்தின் பற்றாக்குறை என்று நினைத்து, மேலும் மேலும் சிறு பொருட்களைச் சேர்த்தேன். பால் கேன்களையும் சைக்கிளையும் பெட்டி படுக்கைகளையும் வைத்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அந்த நிலையில்தான், பாரம்பரிய நீராவி ரயில் ஒன்றை ட்ரோனில் படமெடுத்து, அந்தப் படங்களை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முடிவுக்கு வந்தேன். அந்த ஒப்பீடு காட்டிய தவறுகள், அவற்றைத் திருத்திய முறை, திருத்த முடியாமல் போனவை ஆகியவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

கண் நிற்கும் உயரம்

அடிப்பலகையின் மேற்பரப்பு தரையிலிருந்து 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பலகைக்கு முன்னால் நிற்கும் ஒருவரின் கண் ஏறத்தாழ 165 செ.மீ. உயரத்தில் இருக்கும். அப்படியானால் தண்டவாளத்துக்கு மேலே கண் 60 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. இதை 76.2 மடங்கு பெருக்கினால் கிட்டத்தட்ட 46 மீட்டர். அதாவது மாதிரியைப் பார்க்க வரும் ஒவ்வொருவரும், பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து அந்த நிலையத்தைப் பார்க்கிறார்கள். நடைமேடையில் நிற்கும் பயணியின் கண் மட்டத்தை மாதிரியில் அடைய வேண்டுமானால், நடைமேடைத் தளத்திலிருந்து 2.2 செ.மீ. உயரத்துக்குத் தலையைத் தாழ்த்த வேண்டும். அடிப்பலகையை 135 செ.மீ. வரை உயர்த்திக் கட்டுகிறவர்கள் உண்டு. அது நல்ல வழக்கம்தான். ஆனால் அப்போதும் கண் 30 செ.மீ. மேலே, அசலில் 23 மீட்டர் உயரத்தில்தான் நிற்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் என் சான்றுகள் அனைத்தும் தவறான இடத்திலிருந்து வந்தவை என்பது விளங்கியது. நான் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களில் ஏறத்தாழ எல்லாமே நடைமேடையிலிருந்தும் பாதையோர வேலிக்கு அருகிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவை இன்ஜினின் பக்கத்தைக் காட்டின, கூரையைக் காட்டவில்லை. தண்டவாளத்தின் விளிம்பைக் காட்டின. பாதையின் போக்கைக் காட்டவில்லை. மரத்தின் அடிமரத்தைக் காட்டின, கொப்பைக் காட்டவில்லை. பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எனக்கு ஒரு சான்றுகூட இல்லை. பல நாடுகளில் ட்ரோன் பறக்க அனுமதிக்கப்படும் பொதுவான உச்ச வரம்பு 120 மீட்டர். இந்த அளவு விகிதத்தில் அது 157 செ.மீ. மாதிரியைப் பார்க்கும் கண்ணின் உலகம் முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மாதிரி ரயில் கட்டுகிறவருக்கு ட்ரோன் ஒரு அலங்காரப் படக்கருவி அல்ல, முதன்மையான அளவைக் கருவி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அனுமதியும் முன்னேற்பாடும்

பிரிட்டனில் பெருவழிப் பாதைகளில் வழக்கமான நீராவிப் பயணச் சேவை 1968 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1951-இல், வேல்ஸிலுள்ள டாலித்லின் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அவ்வாறு காப்பாற்றப்பட்ட முதல் ரயில்வே அதுதான். அந்த வழியில் பின்னர் உருவான தன்னார்வப் பாதைகளில் ஒன்றையே நான் அணுகினேன். அவர்களுடைய பாதுகாப்பு நடைமுறைகளைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

அங்கே முதலில் கேட்கப்பட்டது, இன்ஜின் ஓட்டுநருக்கு இதைப் பற்றித் தெரியுமா என்பதுதான். பாதையோரத்தில் திடீரென ஒரு பொருள் பறந்தால், சிக்னலைக் கவனிக்க வேண்டிய கண் ஒரு நொடி அதன் பக்கம் திரும்பும். அந்த ஒரு நொடிக்காகவே, ட்ரோன் எந்த மைல்கல்லுக்கும் எந்த மைல்கல்லுக்கும் இடையில், எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்குப் பறக்கும் என்பதை எழுதிக் கொடுத்து, அன்று பணியிலிருக்கும் ஓட்டுநர், இன்ஜின் அடுப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன், கார்டு ஆகியோருக்குத் தெரிவிக்கச் செய்தோம். ட்ரோனை வேலிக்கு வெளியே, நில உரிமையாளரின் ஒப்புதலோடு, ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து கிளப்பினோம். என் பார்வை திரையில் இருக்கும் நேரத்தில் வானத்தைக் கவனிக்க இன்னொருவர் உடன் நின்றார்.

பயணிகள் ஏறிய ரயிலுக்கு நேர் மேலே பறப்பதில்லை என்றும், ரயிலிலிருந்து கிடைமட்டத்தில் 50 மீட்டருக்குக் குறையாத தொலைவைக் காப்பது என்றும் முடிவு செய்துகொண்டேன். நேர் மேலிருந்து எடுக்க வேண்டிய அளவைப் படங்களை, அன்றைய ரயில்கள் ஓடி முடிந்த பிறகு, காலிப் பாதையின் மேல், நிலையப் பொறுப்பாளரின் அனுமதியோடு தனியே எடுத்தேன். இதனால் வேலை இரண்டாகப் பிரிந்தது: ஓடும் ரயிலைப் பக்கவாட்டில் சாய்கோணத்தில் எடுப்பது, அசையாத பாதையை நேர் மேலிருந்து எடுப்பது. பின்னர் யோசிக்கையில், இந்தக் கட்டுப்பாடு ஆய்வுக்கு நன்மையே செய்தது என்று தோன்றுகிறது, ஏனெனில் அளவைக்கும் அழகுக்கும் ஒரே படத்தை நம்பியிருந்தால் இரண்டும் அரைகுறையாகவே அமைந்திருக்கும்.

படப்பிடிப்பு

முதல் நாள் படங்கள் பயன்படவில்லை. தவறு முழுக்க என்னுடையது. ஒளி அளவை ட்ரோனின் தானியங்கி அமைப்புக்கு விட்டிருந்தேன். கறுப்பு இன்ஜின் சட்டகத்துக்குள் வந்ததும் படம் வெளிறியது. வெண்ணிற நீராவி விரிந்ததும் இருண்டது. ரயில் கடந்துபோன அரை நிமிடத்தில் புல்லின் பச்சை பலமுறை மாறியது. நிறத்தை ஒப்பிடுவதற்காக எடுக்கப்பட்ட படத்தில் நிறமே நிலையாக இல்லை. அதோடு காற்றுத் திசையைப் பார்க்காமல் நின்றதால், புகையும் நீராவியும் ட்ரோனின் பக்கமே சாய்ந்து ரயிலின் பாதியை மறைத்துவிட்டன.

இரண்டாம் முறை குளிர்காலச் சிறப்பு ஓட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வெப்பமும் வறட்சியுமான காற்றில் இன்ஜின் வெளியேற்றும் நீராவி சட்டெனக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். குளிர்ந்த ஈரக் காற்றில்தான் அது வெண்மேகமாக நின்று தொடரும். இன்ஜின் ஏற்றத்தில் உழைக்கும் இடமும் வேண்டும். இறக்கத்தில், நீராவி வரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மூடிவிட்டு உருளும் இன்ஜினின் புகைபோக்கியில் பார்ப்பதற்கு அதிகம் இராது. நிறச் சமநிலையையும் ஒளி அளவையும் கையால் நிலைப்படுத்தி, நீராவியின் வெண்மை வெளிறாத அளவுக்கு ஒளியைக் குறைத்து வைத்தேன். இருளில் புதைந்த கறுப்பைப் பிறகு மீட்கலாம். வெளிறிப்போன வெண்மையை மீட்க முடியாது. நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 நொடி. அதற்கேற்ற ஒளி வடிகட்டியை வில்லையின் முன் பொருத்தினேன்.

ட்ரோன் நின்ற இடத்தை ஒரு கணக்கை வைத்தே தீர்மானித்தேன். மாதிரியைப் பார்ப்பவர் தண்டவாளத்திலிருந்து கிடைமட்டத்தில் சுமார் 79 செ.மீ. தள்ளி, 60 செ.மீ. உயரத்தில் கண்ணை வைத்திருக்கிறார். அசலில் அது 60 மீட்டர் தொலைவும் 46 மீட்டர் உயரமும் ஆகும். ட்ரோனை அங்கேயே நிறுத்தினேன். ரயில் வளைவில் திரும்பி நிலையத்துக்குள் நுழைந்தபோது, என் வீட்டில் பலகைக்கு முன்னால் நின்று இரண்டு ஆண்டுகளாகப் பார்த்த அதே கோணத்தில், அதே அளவில், ஆனால் உயிரோடு, அது திரையில் நகர்ந்தது. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இந்த ஆய்வின் உலர்ந்த நடைக்குள் சொல்லி முடியாது.

ஒப்பிட்டபோது தெரிந்தவை

ட்ரோன் படத்தையும், அதே கோணத்தில் அலைபேசியால் எடுத்த மாதிரியின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது பாதையின் போக்கு. என் மாதிரியில் தண்டவாளம் பலகையின் விளிம்புக்கு இணையாக, கோல் பிடித்தாற்போல் ஓடியது. நடைமேடை அதற்கு இணை, சாலை அதற்கு இணை, பின்னணி மரவரிசையும் இணை. அசல் நிலையத்தில் எதுவும் எதற்கும் இணையாக இல்லை. பாதை நிலையம் முழுவதும் மெல்ல வளைந்து சென்றது. ஓடை தன் போக்கில் சாய்வாகக் குறுக்கிட்டது. வயல் வேலிகள் ரயில் வருவதற்கு முன்பிருந்த எல்லைகளைப் பின்பற்றி வேறு திசையில் ஓடின. நிலத்தின் மேல் பாதை வந்து சேர்ந்திருக்கிறது, பாதைக்காக நிலம் விரிக்கப்படவில்லை என்பது 46 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பார்வையில் விளங்கியது. நடைமேடையில் நின்று எத்தனை முறை பார்த்தாலும் விளங்காத செய்தி அது.

வளைவின் அளவைக் காலிப் பாதையின் நேர் மேல் படங்களிலிருந்து அளந்தேன். 30 மீட்டர் உயரத்தில் எடுத்த படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் சுமார் 12 மி.மீ. அகலத்தைக் குறித்தது. பாதையின் அகலம் 1435 மி.மீ. என்பது உறுதியாகத் தெரிந்த அளவாகையால், ஒவ்வொரு படத்திலும் அதையே அளவுகோலாகக் கொண்டேன். வளைவின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர் என்று வந்தது, மாதிரியில் 3.94 மீட்டர். கடைகளில் கிடைக்கும் இரண்டாம் வகை வளைவுத் துண்டின் ஆரமோ 43.8 செ.மீ., அதாவது அசலில் 33 மீட்டர்! ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்னன் பாலத்தின் புகழ்பெற்ற வளைவுகூட 241 மீட்டர் ஆரம் கொண்டது. அதை மாதிரியாக்க 3.16 மீட்டர் ஆரம் தேவைப்படும். பக்கத்திலிருந்து பார்க்கையில் கூர்மையான வளைவு ஓரளவு மறைந்துவிடும். மேலிருந்து பார்த்தால், பெட்டிகளின் மூலைகள் ஒன்றையொன்று விட்டு விலகி வாய் பிளந்து நிற்பது உடனே தெரியும்.

அடுத்து, தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள். நான் போட்டிருந்த தண்டவாளம், மாதிரி ரயிலின் இன்னொரு, சற்றே சிறிய அளவான 1:87-க்கு உரிய கட்டை இடைவெளி கொண்டது. ஓஓ அளவின் வரலாற்றில் ஒரு சமரசம் உண்டு: பிரிட்டனின் சிறிய இன்ஜின்களுக்குள் அன்றைய மோட்டார்கள் அடங்காததால், உடலை மட்டும் 1:76.2-க்குப் பெரிதாக்கிவிட்டு, பாதையின் அகலத்தை 1:87-க்குரிய 16.5 மி.மீ. ஆகவே விட்டுவிட்டார்கள். சரியான அகலம் 18.83 மி.மீ. ஆக இருந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த 2.33 மி.மீ. ஒரு பொருட்டே அல்ல. மேலிருந்து பார்ப்பவருக்கு, அகன்ற பெட்டிகள் மெலிந்த பாதையின் மேல் தள்ளாடுவதுபோல் தெரியும். அதோடு, அசலில் சுமார் 75 செ.மீ. இடைவெளியில் கிடந்த கட்டைகள் என் மாதிரியில் நெருக்கியடித்துக் கிடந்தன. மேற்பார்வையில் பாதை ஒரு ஏணியாகத் தெரிகிறது. ஏணியின் படிகள் எவ்வளவு நெருக்கம் என்பதைக் கண் முதலில் பிடித்துவிடுகிறது. அகலக் குறையைவிட இடைவெளிக் குறையே பெரிது என்பது நான் எதிர்பாராத முடிவு.

நிறத்தைப் பொறுத்தவரை கூரைகளே என்னை அதிகம் வெட்கப்பட வைத்தன. பெட்டிகளின் பக்கங்களுக்கு வாரக்கணக்கில் உழைத்த நான், கூரைகளுக்கு ஒரே சீரான சாம்பல் நிறத்தை ஒரு மாலைப் பொழுதில் பூசி முடித்திருந்தேன். பார்ப்பவரின் கண்ணுக்கு மிக அதிகமாகத் தெரியும் பரப்போ அந்தக் கூரைதான். ட்ரோன் படத்தில் எந்த இரண்டு கூரைகளும் ஒரே நிறத்தில் இல்லை. இன்ஜினை அடுத்த பெட்டியின் கூரை நடுமுதுகில் கரி படிந்து கறுத்து, விளிம்புகளில் மழை கழுவிய சாம்பலாக வெளுத்திருந்தது. மூன்றாம் பெட்டியில் அந்தக் கறுப்பு பாதிகூட இல்லை. மழைநீரை வடிக்கும் மெல்லிய பட்டைகளுக்கு மேலே அழுக்கு தேங்கி, கீழே சாரைகளாக வழிந்திருந்தது. இன்ஜினில் பாதுகாப்பு வால்வுகளைச் சுற்றி, கொதிகலன் நீரின் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது.

தரையிலும் இப்படித்தான். ஜல்லி முழுவதும் ஒரே நிறத்தில் இல்லை. நடைமேடையின் ஒரு முனையில் தண்டவாளங்களுக்கு நடுவே எண்ணெய்க் கறுப்பாக நீண்ட ஒரு திட்டு இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த மூத்த தன்னார்வலர் ஒருவர், ஃபயர்மேனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர், அதில் விரலை வைத்து, தண்ணீர் பிடிக்க இன்ஜின் நிற்கும் இடம் அதுதான் என்றார். திட்டின் நீளம் இன்ஜினின் நீளத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருப்பதையும் காட்டினார். ஓடும் பாதையின் தண்டவாளத் தலை பளபளத்தது. சைடிங்கின் தலை துருவேறி மங்கியிருந்தது. சிக்னல் அறையிலிருந்து நடைமேடைக்கு, யாரும் போடாமல் காலடிகளே தேய்த்த ஒற்றையடிப் பாதை ஒன்று புல்லைப் பிளந்து சென்றது. இந்தத் தடங்கள் எல்லாம் ஒரு நாளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதன் வரைபடம். பால் கேன்களை வைத்து நான் சொல்ல முயன்று தோற்றதை அந்த எண்ணெய்த் திட்டு ஒன்றே சொல்லிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இன்றைய பாரம்பரியப் பாதை 1950-களின் சான்று ஆகாது. தன்னார்வலர்கள் இன்ஜின்களை அன்பாகத் துடைத்து மெருகேற்றி வைக்கிறார்கள். நீராவிக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் பல இன்ஜின்கள் அழுக்கேறியே ஓடின. தீப்பொறியால் தீ பரவாதிருக்க அந்நாட்களில் பாதையோரக் கரைகளின் புல்லையும் புதரையும் ஒழுங்காக வெட்டியும் எரித்தும் வந்தார்கள். இன்று அதே கரைகளில் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. ஆகவே அழுக்கு எந்த இடத்தில் படிகிறது, நீர் எந்த வழியில் வடிகிறது, கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்பவற்றை ட்ரோன் படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். எவ்வளவு அழுக்கு, எவ்வளவு பச்சை என்பதைக் காலத்துப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

பிரித்துக் கட்டியது

கட்டடங்களையும் பாலத்தையும் பத்திரமாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, தண்டவாளம் முழுவதையும் அகற்றினேன். 3.94 மீட்டர் ஆரத்தில் நூல் கட்டித் தரையில் வளைவை வரைந்து, மரச்சட்ட வார்ப்புருவாக வெட்டிக்கொண்டேன். 2 மீட்டர் நீளத்துக்கு இந்த வளைவு நேர்கோட்டிலிருந்து 13 செ.மீ. மட்டுமே விலகுகிறது, 75 செ.மீ. அகலப் பலகையில் அது தாராளமாக அடங்கியது. இடமில்லை என்று இத்தனை காலம் நான் சொல்லிவந்தது உண்மையல்ல. வெளிப்புறத் தண்டவாளத்தின் கீழே 1 மி.மீ. அட்டைக் கீற்றை, வளைவு தொடங்கும் இடத்தில் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறும்படி ஒட்டினேன். ரயில் அந்த இடத்தில் மெல்லத் தோள் சாய்ப்பது, பெட்டிக் கூரைகளின் மேல் ஒளி வழுக்கும் விதத்தில் தெரிகிறது.

புதிய தண்டவாளம் பிரிட்டனின் பழைய வகை அமைப்பைப் பின்பற்றி, ஓஓ அளவுக்கே உரிய கட்டை நீளமும் இடைவெளியும் கொண்டது. உயரம் 1.9 மி.மீ.; அசலின் சுமார் 145 மி.மீ. உயரத்துக்கு அது மிக அருகில் வருகிறது. 18.83 மி.மீ. அகலத்துக்கு மாறுவதைப் பற்றிப் பல இரவுகள் யோசித்தேன். எல்லா இன்ஜின்களின் அச்சுகளையும் பெட்டிகளின் சக்கரங்களையும் மாற்ற வேண்டியிருக்கும், ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்களைக் கையால் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் இந்த நிலையத்துக்கு அதைக் கைவிட்டேன். அசலில் 60 அடி தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்பு, மாதிரியில் 24 செ.மீ.க்கு ஒருமுறை வர வேண்டும். அந்த இடங்களில் தண்டவாளத் தலையில் மெல்லிய வெட்டுக்கோடு போட்டு, இணைப்பைச் சுற்றிய ஜல்லியில் சிறிது எண்ணெய்க் கறுப்பைத் தொட்டு வைத்தேன்.

மரங்களுக்குத்தான் அதிக நாட்கள் பிடித்தன. முதலில் வைத்திருந்தவை 9 செ.மீ. உயரமானவை, மேலிருந்து பார்த்தால் பாட்டில் கழுவும் பிரஷ்களை நட்டு வைத்ததுபோல் இருந்தன. ட்ரோன் படத்தில் முதிர்ந்த மரத்தின் கொப்பு 12 மீட்டர் அகலத்துக்குக் குடை விரித்திருந்தது. மாதிரியில் அது 16 செ.மீ. ஆகிறது. 26 செ.மீ. நீளமுள்ள ஒரு பயணிகள் பெட்டியின் பாதியைவிட அது அதிகம். மரம் அவ்வளவு பெரியது என்று நம்பக் கைக்கு மனம் வரவில்லை. செப்புக் கம்பியை முறுக்கி 20 செ.மீ. உயரத்தில் முதல் மரத்தைச் செய்து நிலையத்தின் பின்னால் வைத்தபோது, சிக்னல் அறை சட்டெனத் தன் உண்மையான அளவுக்குச் சுருங்கியது. 40 மரங்கள் இருந்த இடத்தில் இப்போது 11 மட்டுமே உள்ளன. அவற்றின் கொப்புகள் ஒன்றோடொன்று உரசி, இடையிடையே இருண்ட பொந்துகள் தெரிகின்றன.

கூரைகளை மீண்டும் பூசினேன். ஏர்பிரஷ்ஷால் நடுமுதுகில் கரியும், மெல்லிய தூரிகையால் பட்டைகளின் கீழே சாரைகளும். எங்கும் முழுக் கறுப்பு இல்லை, ஏனெனில் தொலைவிலிருக்கும் பொருளுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள காற்று கறுப்பை வெளுக்கச் செய்கிறது. மாதிரியில் அந்தக் காற்று இல்லாததால், அதன் வேலையையும் வண்ணமே செய்ய வேண்டும்.

மாதிரியைப் படமெடுத்தல்

திருத்திக் கட்டிய நிலையத்தை, ட்ரோன் படம் எடுத்த அதே முறையில் படமெடுப்பது ஆய்வின் கடைசிக் கட்டம். ரயிலின் வேகத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. நான் சென்ற பாதையில் உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ.; மாதிரியில் அது நொடிக்கு 14.6 செ.மீ. பலகையின் 3.6 மீட்டரைக் கடக்க ரயிலுக்கு ஏறத்தாழ 25 நொடிகள் ஆக வேண்டும். நான் வழக்கமாக ஓட்டிவந்த ரயில் அதை 8 நொடிகளில் கடந்துகொண்டிருந்தது. வேகம் சரியானால் ஷட்டர் கணக்கும் தானாகப் பொருந்துகிறது: 1/50 நொடியில் அசல் ரயில் 22 செ.மீ. நகர்கிறது, மாதிரி 2.9 மி.மீ. நகர்கிறது; இரண்டும் ஒரே அளவு மங்கலைத் தருகின்றன.

வெளிச்சத்துக்கு, மேலே ஒட்டியிருந்த எல்இடி பட்டைகளை அணைத்துவிட்டேன். குளிர்காலச் சூரியன் 15 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, ஒரு பெட்டியின் நிழல் அசலில் 14 மீட்டருக்கு நீள்கிறது. மாதிரியில் 18 செ.மீ.க்கும் மேல். அந்த நிழல் ஒன்றாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். சூரியனின் வட்டம் நம் கண்ணில் அரை டிகிரியே என்பதால், 4 மீட்டர் தொலைவில் வைக்கும் விளக்கின் ஒளிரும் முகம் 3.7 செ.மீ.க்கு மேல் இருக்கலாகாது. விளக்கை 2 மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பலகையின் இரு முனைகளிலும் வெளிச்சம் நடுவில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 4 மீட்டரில் குறைவு ஆறில் ஒரு பங்கு அளவுக்கே. அது கண்ணை உறுத்தவில்லை.

புகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இன்ஜினுக்குள் வைக்கும் புகைக் கருவியை நான் பயன்படுத்தவில்லை. தண்டவாளத்தையும் கட்டையையும் சிறிதாக்கலாம், புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது. சிறிய புகை, பெரிய புகையைவிட மிக விரைவாகச் சுருண்டு எழுந்து கலைந்துவிடும். அதை நம்பும்படியாகக் காட்ட, அளவு விகிதத்தின் வர்க்கமூலமாகிய 8.7 மடங்கு மெதுவாக்கிக் காட்ட வேண்டும். அப்படி மெதுவாக்கினால் ரயிலும் மெதுவாகிவிடும் என்பதால், படமெடுக்கும்போது அதை 8.7 மடங்கு விரைவாக, நொடிக்கு 1.27 மீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும், 3.6 மீட்டர் பலகை மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். இந்தக் கணக்கு இந்தப் பலகையில் நிறைவேறாது. ஆகவே ரெகுலேட்டரை மூடி நிலையத்துக்குள் உருண்டு வரும் ரயிலையே பெரும்பாலும் படமெடுத்தேன். அசலிலும் அந்த நேரத்தில் புகைபோக்கி அநேகமாக அமைதியாகவே இருக்கும்.

ஒலியையும் அசலிலிருந்தே எடுத்தேன். ட்ரோனில் இறக்கைகளின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் பதிவாகாது என்பதால், வேலியோரத்தில் ஒரு பதிவுக் கருவியை வைத்திருந்தேன். இரட்டை உருளை இன்ஜின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை மூச்சு விடும். 1.5 மீட்டர் விட்டச் சக்கரம் என்றால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு இரண்டுக்குச் சற்று அதிகமான மூச்சுகள். புறப்படும் காட்சியில் இந்தத் தாளத்தைச் சக்கரத்தின் சுற்றோடு பொருத்திய பிறகுதான் மாதிரி இன்ஜினுக்கு எடை வந்தது.

எஞ்சியவை

குவியத்தின் குறையை என்னால் முழுமையாகத் தீர்க்க முடியவில்லை. அலைபேசி வில்லையின் திறப்பு 3 மி.மீ. என்றாலும், மாதிரியின் உலகில் அது 23 செ.மீ. அகலமுள்ள ராட்சதக் கண். அதனால்தான் அருகும் தொலைவும் மங்கி, படம் தன்னைப் பொம்மை என்று காட்டிக்கொடுக்கிறது. திறப்பு சிறிதாக உள்ள அகலக் கோண வில்லையைப் பயன்படுத்தியதில் மங்கல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பின்வரிசை மரங்கள் இன்னும் சற்றே கரைகின்றன.

பாதை அகலத்தின் குறையும் அப்படியே இருக்கிறது. சாய்கோணத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. நேர் மேல் கோணத்தில் எடுத்த ஒரு காட்சியில், பெட்டி கடந்து சென்றபின் வெறும் தண்டவாளம் தெரியும் அந்த நொடியில், பாதை மெலிந்திருப்பது எனக்குத் தெரிகிறது; மூத்த தன்னார்வலருக்கும் தெரிந்தது. இப்போது 50 செ.மீ. நீளமுள்ள தனிப் பலகை ஒன்றில், 18.83 மி.மீ. அகலத்தில், கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கையால் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சரக்கு வேகனின் சக்கரங்களை மாற்றியாயிற்று. நேற்று அதைத் தள்ளிப் பார்த்தேன், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இறங்காமல் ஓடியது.